துளியின் கோப்பில் உன் கடிதம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் ஒரு வீட்டில் ஒன்றாக இருக்கிறோம், உன் தங்கை துளி நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், அடுத்த அறையில் அம்மா இருக்கிறாள், அதனால்தான் காகிதம்.

நீ வெளியூர் கிளம்பும்போது துளிக்கு நாலு வயது, இடுப்பு இருபது அங்குலம். ஏழே மாதத்தில் முப்பது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவன் நான், என் பிள்ளையின் சீருடையை நாலு தடவை பிரித்துத் தைத்தேன், பிறகு பிரிக்க மடிப்பில் துணியே இல்லை. பசி பசி என்று கேட்டாள்தான், ஆனால் அம்மா அழுதுகொண்டே அளந்துதான் போட்டாள். தூங்கும்போது அவள் உதடு கறுத்துப்போகிறது என்று சொன்னால் பெரிய டாக்டர் அது வெறும் குறட்டை, முதலில் வாயைக் கட்டுங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் குழந்தைகள் நல அலுவலர் வந்து அம்மாவிடம், நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, நீங்க திருட்டுத்தனமா ஊட்டுறீங்கன்னு எங்களுக்குத் தகவல் வந்திருக்கு என்றார். ஒன்பது நாள் அவளை வார்டுக்குள் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், துளி உள்ளேயிருந்து கையாட்டினால் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அழுவது தெரியக்கூடாதாம்.

அவர்களே அளந்து போட்டும் எடை ஏறியது. அம்மா வெளியே உட்கார்ந்த எட்டாம் நாள் மதியம் ஒரு சின்ன டாக்டரம்மா, துளி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். இருபது விநாடி நெஞ்சு ஏறவே இல்லை, தட்டி எழுப்பியதும்தான் மூச்சு வந்தது. இது சாப்பாட்டால் வந்ததில்லை, பசியையும் மூச்சையும் கவனிக்கிற இடம் மூளைக்குள் பழுதாகியிருக்கிறது, நானே புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றார். குணமாக்க மருந்து இல்லை. கண்ணை மூடும்போதெல்லாம் முகத்தில் மூச்சு மெஷினின் மாஸ்க்கை மாட்ட வேண்டும், கவனமாக இருந்தால் பள்ளிக்கூடம் போகலாம்.

அலுவலர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விசாரணையை முடிக்கக் கையெழுத்து வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். கோப்பைத் திறந்தால் மேலேயே நீ அனுப்பிய கடிதம். என்னையும் அம்மா இப்படித்தான் ஊட்டி ஊட்டி வளர்த்தார், அவரைத் தள்ளி வைத்தால்தான் தங்கை பிழைப்பாள் என்று எழுதிக் கீழே உன் பெயர். ஆஸ்பத்திரி முகவரி கேட்டாயே, தங்கைக்குப் பொம்மை அனுப்பப் போகிறாய் என்று நினைத்து நான்தானப்பா கொடுத்தேன். அதற்கப்புறமும் தினம் போன் செய்து, யாரும்மா உன்னப்பத்தி இப்படிச் சொல்லியிருப்பா என்று அவளிடமே கேட்டாயே, உனக்கு எப்படி நாக்கு வந்தது.

பயத்தில் செய்தாய் என்று ஒரு மனசு சொல்கிறது. நான் மட்டும் யோக்கியனா, ஒரு நாள் அடுக்களை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஆனால் நான் அவள் கண் முன்னால் சந்தேகப்பட்டேன். இப்போது அம்மா, அடுத்த வீட்டு டீச்சரம்மாதான் புகார் சொல்லியிருப்பாள் என்று நம்புகிறாள். நேற்று டீச்சரம்மா துளியைப் பார்க்கப் பழம் வாங்கி வந்தார், உன் அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் படியில் நின்றார். எல்லாம் தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, அதை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாயல்லவா, எடுத்து அம்மாவிடம்தான் கொடுப்பேன். நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள், எழுதியது நீதான் என்று முதலில் சொல். நீ சொல்லாமல் போனை வைத்தால் நான் சொல்வேன், டீச்சரம்மா வீட்டுக்கும் போய்ச் சொல்வேன். துளிக்கு மட்டும் சொல்லமாட்டேன். காலையில் மாஸ்க்கைக் கழற்றியதும், அண்ணன் எப்ப வருவான் என்றுதான் முதலில் கேட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா