புகார் எண் 11862

3 செப்டம்பர் 2018, திங்கள்

குன்னூரில் விடிந்ததிலிருந்து தூறல். கீர்த்திவாசன் சார் கூப்பிட்டு ஒரு பெரிய மூட்டையை என் தலையில் இறக்கினார். கம்பெனியின் புகார் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமாம். பதினொரு எஸ்டேட்டிலும் கம்ப்யூட்டர், இலை எடை மெஷின், கம்பெனிக்குள் மட்டும் பேசும் உள்லைன் போன், எது கெட்டாலும் அதில்தான் பதிவாகும். எட்டு வருஷமாக அதைக் கட்டி மேய்ப்பவள் நான். இப்போது அது கிழடு தட்டிவிட்டது. விற்றவர்களே இனிக் கைவைக்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள்.

மூன்று கட்டம். முதலில் தலைமை ஆபீஸ், அடுத்து ஃபேக்டரிகள், கடைசியில் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகள். "தொறந்திருக்கற புகாரை மட்டும் புதுசுக்கு எடுத்துட்டுப் போலாமுங்க, அம்சவேணி. மூடுனதெல்லாம் பழசோடயே போயிரட்டும்" என்றார்.

"சரிங்க சார்" என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேனோ?

6 செப்டம்பர், வியாழன்

பட்டியல் போட்டேன். பனிமுடி எஸ்டேட் மூன்றாம் கட்டத்தில் கடைசி. தூரம் அதிகம், அதனால்தான். வேறொன்றும் இல்லை.

14 செப்டம்பர், வெள்ளி

இன்று ஒத்திகை. பழைய புகார்களின் நகலைப் புதிய மென்பொருளில் ஏற்றிப் பார்த்தோம். எண்ணிக்கை சரியாக வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, மெயில் அனுப்பும் வசதியை நிறுத்தி வைக்க மறந்துபோனது. மூடிய புகார் அத்தனைக்கும் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மறுபடியும் கடிதம் போய்விட்டது. "செத்த பிரிண்டருக்கெல்லாம் கருமாதிக் கடுதாசி போட்டுட்டோமுங்க்கா" என்று பக்கத்து சீட் சுரேஷ் சிரித்தான். ஆபீசே சிரித்தது.

11862-க்கும் போயிருக்கும்.

20 செப்டம்பர், வியாழன்

பதில் வந்துவிட்டது. பனிமுடி மருந்தகத்து நர்ஸ் மெட்டில்டா. வியாழன்தோறும் மருந்துப் பட்டியல் அனுப்ப எஸ்டேட் ஆபீசுக்கு வருவார், அங்கே பார்த்திருக்கிறார்.

"மேடம், இந்தக் கடிதம் எனக்கு இரண்டாவது முறை வருகிறது. மருந்தகத்து போன் இன்றைக்கும் ஊமைதான். யாருக்குத் தீர்ந்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள்."

கோபமாகக்கூட எழுதவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

22 செப்டம்பர், சனி

எழுதித் தொலைக்கிறேன். இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

எங்கள் ஆபீசில் சனிக்கிழமை சுத்தம் என்று ஒன்று உண்டு. ஏழு நாளாகத் தீராத புகார்களை எடுத்து, போட்டவருக்கு மூன்று தடவை போன் செய்வோம். எடுக்காவிட்டால் 'பயனரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதி மூடிவிடுவோம். திங்கட்கிழமை மீட்டிங்கில் சதவீதம் அழகாகத் தெரியும். யாரும் தப்பாக நினைத்ததில்லை. நானும்தான்.

போன வருஷம் ஜூன் 24, சனிக்கிழமை. மழைக்காலம். மெட்டில்டா அதற்கு முந்தின வாரம் போட்ட புகார், 11862: மருந்தகத்து உள்லைன் போன் வேலை செய்யவில்லை. நான் அந்த மருந்தகத்துக்கே போன் செய்தேன்! கெட்டுப்போன போனுக்கு! மூன்று தடவை. என் காதில் மணி அடித்தது, அங்கே அடிக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை என்று மூடினேன். அறிவு கெட்டவளே, எப்படி எடுப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை காத்தமுத்து என்கிற தொழிலாளிக்கு நெஞ்சுவலி. அந்தப் பக்கம் மொபைலுக்குச் சிக்னல் கிடையாது. மருந்தகத்திலிருந்து எஸ்டேட் ஆபீஸ் வரைக்கும் நாலு கிலோமீட்டர் மழையில் ஆள் ஓடி, ஜீப் மேலே ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. இரங்கல் அறிவிப்பு மெயிலில் வந்தது. பெயரையும் ஊரையும் தேதியையும் பார்த்தேன். மூடியதைத் திறக்க வேண்டும் என்று அன்றைக்குக்கூடத் தோன்றவில்லை. பயம். மெட்டில்டாவும் அதற்கப்புறம் புகார் போடவே இல்லை. போட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார்.

அன்றிலிருந்து எந்த போனையும் மூன்றாவது மணிக்குமேல் என்னால் கேட்க முடிவதில்லை.

28 செப்டம்பர், வெள்ளி

மூன்றாம் கட்டம் ரத்து. "எல விலை இப்படிக் கெடக்கையில அந்த எஸ்டேட்டுகளை வெச்சிருப்பாங்களோ மூடுவாங்களோ, நமக்கெதுக்குங்க வம்பு? புகாரை அவங்களே நோட்டுல எழுதி வெச்சுக்கட்டும்" என்றார் சார். அக்டோபர் 31-இல் பழைய சர்வரை நிறுத்துகிறோம்.

அதோடு 11862-உம் போய்விடும். ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே?

1 அக்டோபர், திங்கள்

அருவங்காடு வீட்டில் இவரிடம் சொல்லிவிட்டேன். நல்லசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ என்ன அந்தாளைக் கொன்னியா புள்ள? வெதி. உடு" என்றார். விதியாம். விதி எந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து பட்டனை அமுக்கியது?

"வேலைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்று அப்புறம் கேட்டார். அதுதான் எனக்கும் பயம்.

5 அக்டோபர், வெள்ளி

திறந்துவிட்டேன்.

காலை 10.20. 11862-ஐ மறுபடி திறந்தேன். காரணம் கேட்டது. 'போன் சரிசெய்யப்படவில்லை. சரிபார்க்காமல் மூடியது நான். மூன்று நாள் கழித்து போன் இல்லாததால் உதவி தாமதமாகி ஒருவர் இறந்தார். அம்சவேணி' என்று எழுதினேன். அதையே மெட்டில்டாவுக்கும் அனுப்பினேன். நாலு எழுத்துப்பிழை.

மூன்றாம் கட்டம் ரத்தானதால் பனிமுடிப் புகாரைப் புதியதற்கு எடுத்துப்போக வழியில்லை; பழையதில் ஒரு புகார் திறந்திருந்தாலும் அந்த சர்வரை நிறுத்தக் கூடாது. திட்டத்தில் அந்த விதியை எழுதியவளே நான்தான்.

8 அக்டோபர், திங்கள்

சார் கதவைச் சாத்தினார். "ஏனுங்க, ஒரு வருசத்துக்கு மேலாச்சு. இப்பப் போயி எதுக்குங்க நோண்டறீங்க? உங்க பேரையும் போட்டு!"

"நீங்க வேணும்னா மூடிருங்க சார். உங்க பேர்ல."

மவுஸைக் கையில் எடுத்தார். மூடுவதற்கும் காரணம் எழுதச் சொல்லும். அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எழுதுவார்? "போங்க, வெளிய இருங்க" என்றார். மூடவில்லை.

9 அக்டோபர், செவ்வாய்

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். எனக்கு. சனிக்கிழமை சுத்தத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அடேயப்பா, நல்ல நியாயம்! ஆனாலும் மூடியது என் கை. அதை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மெட்டில்டாவிடமிருந்து பதில் இல்லை.

31 அக்டோபர், புதன்

பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு புகாருக்காக.

22 நவம்பர், வியாழன்

திருத்திய திட்டம் வந்தது. மூன்றாம் கட்டம்: பனிமுடி மட்டும். போன் கம்பியும் புதிதாக இழுக்கிறார்கள். மூங்கில் காட்டில் யானை நின்றதால் வேலை இரண்டு நாள் தள்ளிப்போனதாம். இனிமேல் போட்டவர் சரியென்று சொல்லாமல் எந்தப் புகாரையும் மூட முடியாது. சனிக்கிழமை சுத்தம் ஒழிந்தது.

ஜனவரியிலிருந்து நான் ஸ்டோர்ஸ் செக்ஷன். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. சீட்டைச் சுரேஷுக்குக் கொடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

15 டிசம்பர், சனி

பனிமுடி போன் தயாராகிவிட்டது என்று தகவல். சரிபார்க்க வேண்டியது நான்தான். அதே எண். காலை பதினொன்றுக்கு அடித்தேன். ஒரு முறை மணி அடித்தது. இரண்டு. மூன்றாவதில் ரிசீவரைக் கீழே வைக்கப் போனேன், எடுத்துவிட்டார்கள்.

"கதைக்கிறது யாரு?"

"குன்னூர் ஆபீசுங்க. மெட்டில்டா சிஸ்டர் இருக்காங்களா?"

"மிஸ்ஸி லயத்து வீட்டுக்குப் போயிருக்கு, புள்ளைக்கு ஊசி போட. நான் இங்க கூட்டித் தொடைக்கிறவ. சின்னம்மை."

இரங்கல் அறிவிப்பில் இருந்த பெயர். காத்தமுத்துவின் மனைவி. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"நான் அம்சவேணிங்க" என்றேன்.

கம்பி மறுபடி அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"மிஸ்ஸி வாசிச்சுக் காட்டுச்சு, நீங்க எழுதினத" என்றார். "அன்னைக்கு இந்த போன நான்தான் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஹலோ ஹலோன்னு கத்தினேன். ஒரு சத்தமும் இல்ல."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. வைத்துவிடலாம் என்று கை போனது.

"வைக்காதீங்க" என்றார் சின்னம்மை. "கொஞ்சம் இருங்க. இதுல இப்ப சத்தம் வருது. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

வைக்கவில்லை.