சின்னக்காவுக்குக் கண் திறந்தார்கள்

என் ஆசை அண்ணா,

முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. இங்கே எசன் நகரில் மழை இன்னும் விடவில்லை. நீங்கள் இருக்கும் இடத்துக்கு எந்தச் செய்தி வரும், எது வராது என்று தெரியாததால் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடைசிப் படத்தைக் கெடுத்துவிட்டார்கள்.

கரையில்லாத கறுப்பு நீரில் நிற்கும் பெண்ணைத்தான் சொல்கிறேன். உங்கள் படங்களில் எப்போதும் அவள்தான் வருவாள், வெள்ளை மயிலோடோ வீடில்லாத வாசற்படியிலோ, முதுகைக் காட்டியபடி. என்ன குறியீடு என்று ஜெர்மன்காரர் வியந்தார்கள். போரைக் கீறாமல் இதென்ன பேய்ப்படம் என்று எங்கள் சனம் உங்களைக் குடைந்தது. கண்ணால் கண்டதைக் காட்டக் கமெரா போதும் என்று சிரித்துவிட்டுப் போவீர்கள்.

கடைசிப் படத்தில்தான் அவள் திரும்பினாள், கண்களை மூடிக்கொண்டு. அவள் யாரென்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

“சின்னக்காவைக் கடல் கொண்டுபோட்டுது. அவவின்ர கண்ணை மூடிவிட எங்களுக்குக் கிடைக்கேல்லை. நான் மூடிவிடுறன்.”

அந்தியேட்டியன்று மண்டபத்தில் அண்ணி படத்தின் துணியை விலக்கினார். சின்னக்கா விழித்துக்கொண்டு நின்றார். சிலைக்குக் கண்ணைக் கடைசியாகத்தானே திறப்பார்கள்? அதற்குமுன் நீங்கள் போய்விட்டதாக நினைத்து, கோயில் வேலைக்கு வந்திருந்த ஓவியரைக் கொண்டு அண்ணி கண் திறப்பித்திருக்கிறார்.

“இப்பதான் அவரின்ர வேலை முடிஞ்சிருக்கு, வதனி,” என்றார்.

பழைய படங்களைச் செப்பனிடும் ஒரு ஜெர்மன் பெண்ணிடம் கேட்டேன். புது வண்ணத்தைச் சுரண்டினால் நீங்கள் தீட்டிய இமையும் சேர்ந்து போய்விடுமாம். எதைத்தான் எங்களால் காப்பாற்ற முடிந்தது அண்ணா?

சின்னக்காவின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இப்போது அவரை நினைத்தால் யாரோ வரைந்த அந்தக் கண்கள்தான் வருகின்றன. உண்மையில் எப்படி இருந்தன? உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்? எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அந்தக் கண்களை நீங்கள் வேண்டுமென்றுதான் மூடினீர்கள் என்று அண்ணியிடம் மட்டும் சொல்லமாட்டேன், சத்தியம். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறார். அதில்தான் அவருக்கு மனம் ஆறுகிறது. கூப்பிட்டால் நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன், கண்களை இறுக மூடிக்கொண்டு. நான் கும்பிடுகிறேன் என்று அண்ணி நினைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடைசித் தங்கச்சி,
வதனி