கோதுமையும் பாலும் இல்லாத வீடு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் உன் தங்கை சிட்டுவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ எடுத்த எடுப்பில் "ஏதாவது பேசினாளாப்பா?" என்று கேட்கிறாய், நான் "இன்னும் இல்லம்மா" என்கிறேன், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. மழை பெய்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எதையோ பேசி வைத்துவிடுகிறோம். நடந்தது முழுவதையும் சொல்ல அந்த நேரம் போதுவதில்லை, தைரியமும் போதுவதில்லை.

உன்னோடு வேலை செய்யும் பெண்ணின் மகனுக்கும் சிட்டுவைப் போல ஆட்டிசம்தான், கோதுமையையும் பாலையும் அறவே நிறுத்திய பிறகு பேச ஆரம்பித்தான் என்று நீ சொன்ன அன்றே நான் சரி என்றுவிட்டேன். ஒன்பது வயதாகியும் ஒரு வார்த்தை வராத பிள்ளையை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது. பேக்கரியில் முதலாளியிடம் சொன்னபோது "ரொட்டிக்காரன் வீட்டுலயே ரொட்டிக்குத் தடையா, நல்லா இருக்குய்யா கதை" என்று வயிறு குலுங்கச் சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன். வீட்டில் இருந்த பிஸ்கட், ரஸ்க், வெண்ணெய் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காலையில் நான் வேலைக்குப் போன பிறகு சிட்டுவைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், மாலையில் நான் வரும்வரை வீட்டில் துணைக்கு இருப்பதும் இப்போதும் அந்த அம்மாதான், அவர் இல்லையென்றால் என் பிழைப்பு என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கடைக்குப் போனால்தான் தெரிகிறது, கோதுமை எங்கெங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று. சூப் பொட்டலத்தில் இருக்கிறது, சாஸில் இருக்கிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பொட்டலம் பொட்டலமாகப் படித்துக்கொண்டு நின்றால் கடைக்காரர் "என்ன சார், பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்கிறார்.

அரிசி மாவிலும் உருளைக்கிழங்கு மாவிலும் நானே ரொட்டி சுட்டுப் பார்த்தேன். வாலிபத்திலிருந்து மாவோடு மல்லுக்கட்டுகிறவன் நான், என் கைக்கு அடங்காத மாவு உண்டா என்ற திமிர் இருந்தது, இந்த மாவு அதை அடக்கிவிட்டது. பிசைந்தால் இழுவையே இல்லை, ஈர மணல் மாதிரி உதிர்கிறது, வெந்து வந்தால் செங்கல். சிட்டு அதை இரண்டு விரலால் தூக்கினாள், முகர்ந்தாள், மரியாதையாக வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் வாழைப்பழமும் வேகவைத்த உருளைக்கிழங்கும் தவிர எதையும் அவள் தொடவில்லை, அப்போது சிரிப்பு வரவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். ஒரு துளி மாவுகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்றாய் அல்லவா, அதனால் பேக்கரியிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் அவள் ஓடிவந்து ரொட்டி மணக்கும் என் சட்டைக் கையை முகர்ந்து, நெற்றியை என் கையில் முட்டிக்கொண்டு நிற்பாள், உனக்குத்தான் தெரியுமே. ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அவளுக்குத் தெரிந்த விதத்தில் "அப்பா வந்தாச்சு" என்று சொல்வது அது. சோப்பு மணத்தோடு நான் வந்த அன்று அவள் ஓடி வந்தாள், முகர்ந்தாள், வேறு யாரோ என்பது போல விலகி ஜன்னலுக்குப் போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். ரொட்டி கொடுக்காத கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன், எனக்கு விளங்கவே சில நாள் ஆயிற்று. உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை, அதற்கு நான் பழகிவிட்டேன். ஆனால் வேலை முடிந்து வருகிறவனை எதிர்பார்க்க ஒரு ஆள் இருந்தது. அதுவும் இல்லாமல் போன அந்த நாட்களில், யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போவது போலத்தான் நான் போய்வந்தேன். அவள் ஜன்னல் பக்கம், நான் அடுப்பு பக்கம். சத்தம் வேண்டும் என்பதற்காகவே ரேடியோவைப் போட்டு வைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து உடனே வரச்சொல்லி போன் வந்தது. கையில் ஒட்டிய மாவோடு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு பிள்ளையின் தட்டிலிருந்து பன்னைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள், அந்தப் பிள்ளை கீழே விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது. டீச்சர் கோபப்படவில்லை, "கொஞ்ச நாளாவே சோர்ந்து சோர்ந்து உக்காந்திருக்கா, வீட்ல சாப்பிடறாளா இல்லையா?" என்றுதான் கேட்டார். சிட்டு எங்கே என்று தேடினேன். வகுப்பின் மூலையில் மேஜைக்கு அடியில் இருந்தாள். குனிந்து பார்த்தேன். இரண்டு கையாலும் பன்னைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் நான் பிடுங்கிக்கொள்வேன் என்று பயந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போடுகிறவனின் மகள். இந்த முழங்காலோடு நானும் மேஜைக்கு அடியில் நுழைந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மெதுவா தின்னு கண்ணு, அப்பா எடுக்க மாட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தின்று முடிக்கும்வரை டீச்சர் மற்றப் பிள்ளைகளை வெளியே விளையாட அழைத்துப் போய்விட்டார், அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும். கடைசித் துணுக்கு உள்ளே போன பிறகுதான் அவள் திரும்பினாள். என் ஏப்ரனை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டாள்.

அன்று மாலையே குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். எடை நன்றாக இறங்கியிருந்தது. "ஏற்கனவே நாலஞ்சு பொருள் மட்டும் சாப்பிடற குழந்தைங்க. அதுலயும் பிடுங்கிட்டா மிச்சம் என்ன இருக்கு? ஒரு வார்த்தை கேட்டுட்டு செஞ்சிருக்கலாமே" என்றார். அந்தப் பையன் பேசிய கதையையும் சொன்னேன். "சில பெத்தவங்க மாற்றம் தெரிஞ்சுதுன்னு சொல்றாங்க, நான் பொய்யின்னு சொல்லல. ஆனா ஆராய்ச்சியில அப்படி உறுதியா ஒண்ணும் வரல. இதனால பேச்சு வரும்னு என்னால வாக்கு குடுக்க முடியாதுங்க" என்றார். கோதுமையால் அவளுக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை, அதனால் ரொட்டியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று, இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். பால் குடித்த பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுவாளே, பாலை நிறுத்தியதிலிருந்து அது இல்லை. டாக்டர் கேட்டுவிட்டு, பால் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம், நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கட்டும் என்று சொல்லி, எலும்புக்கு வேண்டிய மருந்து எழுதிக் கொடுத்தார். ஆக நீ சொன்னது வீண்போகவில்லை. வலி என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு ஒரு வலி போயிருக்கிறது, அது உன்னால். பாலில்லாத ரொட்டி சுடுவது எனக்கு ஒரு வேலையே இல்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு தங்கைக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நீ துடிப்பது எனக்குத் தெரியாதா. நேற்று நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். இங்கே நாங்கள் நிறுத்திய நாளிலிருந்து நீயும் அங்கே ரொட்டியையும் பாலையும் தொடுவதில்லையாம், தேநீரைக்கூட வெறுமனே குடிக்கிறாயாம், கேட்டால் "அவ திங்காதத நான் எப்படி திங்கறது" என்கிறாயாம். போனை வைத்ததும் உனக்கு எழுதத் தாளையும் பேனாவையும் தேடி எடுத்து வைத்தேன். அங்கே ஒரு சமையலறையில் தனியாக நின்று நீ பட்டினி கிடக்கிறாய், இங்கே நான் சோப்பு மணத்தோடு உட்கார்ந்திருந்தேன், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை பார்.

இனிமேல் போனில் பேசினாளா என்று கேட்காதே அம்மா. இன்று என்ன செய்தாள் என்று கேள், சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலனும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு, அவர் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. சிட்டு காலையில் ஒரு முழு ரொட்டி சாப்பிட்டாள், ஓரத்தைக்கூட விடவில்லை. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நீயும் போய்ச் சாப்பிடு.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா