கண்டன்சரில் மிச்சமிருந்தது

மச்சான்,

காடாம்புலியூரில் உன் நிலத்து மோட்டார் உறுமுகிறதே தவிர ஓடவில்லை என்று காலையில் உனக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி போன் செய்தாள். போய்ப் பெட்டியைத் திறந்தேன். காந்தல் வாடை. நான்கு வருஷத்துக்கு முன் அடித்த அதே வாடை. கை தானாகப் பின்னால் போய்விட்டது.

கடலூரில் நாம் கடை போட்ட புதிதில் பழுதான கண்டன்சர் ஒன்றை அறுத்துப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சுருட்டி வைத்த இரண்டு தகடு, நடுவே மெல்லிய தாள். இந்தத் தகட்டுச் சார்ஜும் அந்தத் தகட்டுச் சார்ஜும் தாளைத் தாண்ட முடியாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே நிற்கும். தகடு அகலமாகவும் தாள் மெலிதாகவும் இருந்தால் இன்னும் அதிகச் சார்ஜ் பிடிக்கும். "கரண்டு போனா மோட்டாரு நின்னுடும் மச்சான். இது காத்துக்கினே இருக்கும்" என்றாய். நான் சிரித்தேன்.

மூன்று பேஸ் கரண்டு வராத நேரத்தில் இரண்டு பேஸிலேயே மோட்டாரைக் கிளப்ப ஊரெல்லாம் கண்டன்சர் மாட்டினோம். மோட்டார் வேகம் பிடித்ததும் கண்டன்சர் தனியே கழன்றுகொள்ளும், ஏறிய சார்ஜோடு. அதனால்தான் நமக்குள் அந்தப் பழக்கம். பெட்டியைத் திறப்பவன் ஸ்க்ரூடிரைவரைக் கண்டன்சரின் இரண்டு முனையிலும் சேர்த்து வைப்பான். டப்பென்று வெடித்துச் சார்ஜ் இறங்கிய பிறகுதான் மற்றவன் கை வைப்பான்.

நான்கு வருஷத்துக்கு முன் அன்று, உன் நிலத்தில் இதே பெட்டியைத் திறந்தவன் நான். அப்போதுதான் கரண்டு போயிருந்தது. சிதம்பரத்திலிருந்து ஒரு பார்ட்டி போனில் கூப்பிட, பேசிக்கொண்டே நகர்ந்தேன்.

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டியா?" என்றாய்.

"ம்" என்றேன். பண்ணவில்லை. கரண்டுதான் இல்லையே என்ற அலட்சியம்.

நீ கை வைத்தாய். ஷாக் உன்னைத் தூக்கியடித்தது. பின்னால் கிணறு. கடலூர் ஆஸ்பத்திரி போகும்வரை உன் தலை என் மடியில்தான் இருந்தது. போய்ச் சேர்வதற்குள் உன் உயிர் போய்விட்டது.

திடீரென்று கரண்டு வந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்த நாளில் கரண்டு அப்படித்தான் வந்து போனது, யாரும் சந்தேகப்படவில்லை. தங்கச்சி இன்றுவரை கரண்டைத்தான் சபிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் கோழை, மச்சான்.

இன்று பியூஸைப் பிடுங்கிவிட்டு, உன் ஸ்க்ரூடிரைவரை முனைகளில் வைத்தேன். டப்பென்று பொறி பறந்தது. மோர் கொண்டுவந்த தங்கச்சி பிடுங்கிக் கிடந்த பியூஸைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"கரண்டுதான் இல்லியேண்ணே. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டேன். அவள் கிணற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுக் கடைக்கு ஓடிவந்துவிட்டேன். உன்னிடம் சொன்ன அந்த "ம்" நான்கு வருஷமாக எனக்குள் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் கடைக்கு வருவதாக அவள் போன் செய்திருக்கிறாள். எதற்கென்று சொல்லவில்லை.