மழைக்கு வழி சொன்னவருக்கு

என்னங்க,

நீங்கள் இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கடிதத்திலா எழுதிவிடப் போகிறேன்? உப்பளத்தில் நான் "என்னங்க" என்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் மட்டும்தான் "கத்தாத, வர்றேன்" என்பீர்கள். அந்தக் குரலை இன்னும் ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு.

நீங்கள் போய் இது இரண்டாவது மாசி. உப்பு வாரும் உங்கள் பலகையைத்தான் நான் எடுத்துப் போகிறேன். அதன் பிடி எனக்கு உயரம். வெட்டிக் குறைக்கச் சொன்னார்கள், மனசு வரவில்லை.

சுனாமி அலை வந்த ஞாயிறு காலை நாம் சபையில் இருந்ததால் தப்பித்தோம். "ஏதோ வேலைக்குத்தான் நம்மள வுட்டு வெச்சிருக்காரு ஆண்டவரு" என்று அன்று சாயங்காலம் சொன்னீர்கள். அடுத்த மாசியிலேயே ஜுரம் கண்டு போய்விட்டீர்கள். உங்கள் வேலை முடிந்துவிட்டது என்றால், என்னை எதற்கு விட்டு வைத்தார்? பாத்தியில் பலகை தள்ளும்போதெல்லாம் இதைத்தான் அவரிடம் கேட்டேன். ஜெபம் பண்ணுவது நீங்கள், ஆமென் சொல்வது நான் என்றே குடித்தனம் நடத்தியவள். எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

சபையில் உங்கள் இடம் காலியாகவே கிடந்தது. அங்கே பாதிப் பேர் நம்மைப் போல உப்புக்காரர்கள், பாதிப் பேர் மேற்கே கொல்லையில் மல்லாட்டைக் கடலை போடுகிறவர்கள். அவர்கள் மழை கேட்பதும் நாம் வெயில் கேட்பதுமாகச் சண்டை வந்தபோது, நீங்கள்தானே மாற்றிவிட்டீர்கள்? கொல்லைக்காரருக்கு உப்புக்காரர் மழை கேட்க வேண்டும், உப்புக்காரருக்குக் கொல்லைக்காரர் வெயில் கேட்க வேண்டும்.

வாரா வாரம் எழுந்து, "ஆண்டவரே, மேக்கால மழை குடுங்க. பனந்தோப்பத் தாண்டிக் கெழக்க வராம பாத்துக்குங்க" என்பீர்கள். "கடவுளுக்கே வழி சொல்றீங்களே!" என்று கிண்டல் பண்ணுவேன். "அவருக்குத் தெரியும்டி. நம்ம வாயால கேக்கணும்னு ஆசப்படுவாரு" என்பீர்கள்.

நீங்கள் போன பிறகு, மழை ஜெபத்துக்குப் போதகர் என்னைத்தான் பார்ப்பார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன். நம் பெண் ஷீபா மெட்ராஸிலிருந்து போனில் அழுதாள். "தனியா கெடந்து என்னம்மா பண்ணப் போற? இங்க வந்துரு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பெட்டி கட்டிவிட்டேன்.

ஆவணியில் ஒரு மத்தியானம், நமக்காக வெயில் கேட்பாளே சரோஜா அக்கா, அவள் கொல்லையிலிருந்து நடந்தே உப்பளத்துக்கு வந்தாள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று பார்த்தால், சண்டைக்கு வந்திருந்தாள்.

"ஏம்மா, எங்க கொல்ல காயுது, கேக்க ஆளில்ல. நான் மட்டும் உங்க உப்புக்கு வாரா வாரம் கேட்டுக்கினே இருக்கணுமா? நல்லா இருக்குது உங்க நியாயம்!"

"எனக்குக் கேக்கத் தெரியாதுக்கா."

"அவரு பக்கத்துல இத்தினி வருசம் குந்திக்கினு இருந்தியே, தூங்கிக்கினா இருந்த?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வரப்பிலேயே நின்று, உப்பு ஒட்டிய கையைக் கூப்பி, முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன். "ஆண்டவரே, மழை குடுங்க. நல்லா குடுங்க." அதற்குள் உங்கள் ஞாபகம் வந்துவிட, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். சரோஜா அக்காதான் ஆமென் சொன்னாள்.

மறுநாள் கொட்டியதே பார்க்கணும்! மேற்கு, கிழக்கு என்று பார்க்காமல் கொட்டியது. வார வேண்டிய உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்து போயிற்று. நம் ஆட்கள் விடுவார்களா? "மழ கேட்டியே, எங்கன்னு சொன்னியா? அண்ணன் இருந்தா வழி சொல்லிக் கேட்டிருப்பாரு!" என்று பக்கத்துப் பாத்தி மோசே தலையில் அடித்துக்கொண்டான். நானும் அடித்துக்கொண்டேன். கிண்டல் பண்ணினேனே தவிர, பனந்தோப்பைச் சொல்ல மறந்துவிட்டேனே!

நான் கேட்டதால் வந்த மழையா, வர இருந்த மழையா, தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சரோஜா அக்கா ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வந்து என் மடியில் போட்டாள். இலை பச்சையாக இருந்தது, வேரில் பிஞ்சு தொங்கியது. மோசே முறைத்துக்கொண்டே, "நீயே கேளு. ஆனா எங்கன்னு சொல்லிக் கேளு" என்றான்.

எழுந்தேன். "மேக்கால குடுங்க ஆண்டவரே, பனந்தோப்பத் தாண்டாம" என்றதும் சபையே சிரித்துவிட்டது, போதகரும்தான். நானும் சிரித்தேங்க, நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. எதற்கு என்னை விட்டு வைத்தார் என்பதும் அங்கேதான் புரிந்தது. அடுத்தவருக்காகக் கேட்க இங்கே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். "ஞாயித்துக்கெழமைக்கு இங்க ஆளில்லடி" என்று ஷீபாவிடம் சொன்னேன். இப்போது காய்ச்சல்காரர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று வரப்பிலேயே வந்து நின்று ஜெபிக்கச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் கேட்கிறேன். முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்வார்கள். அதில் உங்கள் குரலைத் தேடுகிறேன். நான் கேட்டு நீங்கள் ஆமென் சொல்லும்படி ஒருநாள்கூட நாம் வாழவில்லையே, ஏங்க?

மூச்சு இருக்கும்வரை சபையில் உங்கள் இடம் காலியாகக் கிடக்காது, இது சத்தியம். வேலை முடிந்து நான் வருகிற அன்றைக்கு மட்டும் வாசலுக்கு வந்து நில்லுங்கள். அங்கே எனக்கு வழி தெரியாது. "என்னங்க" என்று கூப்பிடுவேன். எத்தனை பேர் திரும்பினாலும், "கத்தாத, வர்றேன்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி,
ரூத்து