ஞாயிற்றுக்கிழமை எறாக் குழம்பும் உன் தலைவலியும்

ஆம்பூர்

அன்புள்ள பூங்குழலிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பி நவநீதனும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை வசந்தும் உன் அத்தையும் அங்கே தூத்துக்குடியில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் இங்கே தினமும் சோறு போடும்போது பேச்சு. போனில் பேசினால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று நீ “ம்” மட்டும் சொல்கிறாய், நானும் பாதியை விழுங்கிவிடுகிறேன், அதனால்தான் கடிதம். நம் வீட்டில் முதல் டிகிரி நான் வாங்கினேன், அடுத்தது நீ. ஆனால் வாயைத் திறந்து பேச எந்தக் காலேஜிலும் நம் இரண்டு பேருக்கும் சொல்லித்தரவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி. எனக்கு உன் நினைப்புதான். ஞாயிறுதோறும் அத்தை பெரிய எறாவாகப் பொறுக்கி உன் தட்டில் வைக்கிறார், நீயும் நல்லா இருக்கு என்று சாப்பிட்டுவிட்டுத் தலைவலி மாத்திரை போட்டுக்கொள்கிறாய், போன வாரம் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உதடும் அரித்தது என்றாய், அத்தைக்குச் சொல்லாதே, மனசு நோகும் என்றும் சொன்னாய். இங்கே நான் போகும் ஷூ ஃபேக்டரியில் தலைவலி என்றால் யாரும் காரணம் தேடுவதில்லை, தோல் ஒட்டுகிற சொல்யூஷன் நெடி என்று தைலம் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவோம். நீயும் லீவில் இங்கே வேலை செய்தவள், அந்தப் பழக்கம்தான் உனக்கும். நான் முகம் வாடி இருந்ததைப் பார்த்து சூப்பர்வைசர் நிசார் அஹமது பாய்கூட, சொல்யூஷன் தலைவலியா, ஜன்னல் பக்கம் உட்காரும்மா என்றார். எனக்கில்லை, தூத்துக்குடியில் இருக்கிற மகளுக்கு என்றேன். “அங்க ஏதும்மா சொல்யூஷன், கடல் காத்துதானே?” என்று சிரித்தவர், நான் எறாவைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை விட்டுவிட்டு என்னைக் கம்பெனி டாக்டரிடம் கூட்டிப்போனார். அவருக்கு நான் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எறா, நண்டு சரியாக ஐஸில் இல்லாவிட்டால் ஹிஸ்டமின் என்று ஒன்று சேருமாம், கொதிக்க வைத்தாலும் போகாதாம், அது சிலருக்கு ரத்தக்குழாயை விரித்துத் தலைவலியும் முகச் சிவப்பும் கொண்டுவருமாம். கெடாமல் இருக்கப் போடும் மருந்தும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அதுவரை எழுதிக்கொண்டே பேசியவர், உதடு அரித்தது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது எறா அலர்ஜியாக இருக்கலாம், எவ்வளவு ஃப்ரெஷ்ஷாக இருந்தாலும் வரும், அடுத்த தடவை மூச்சையே அடைக்கலாம், டெஸ்ட் எடுக்கும்வரை குழம்பைக்கூடத் தொட வேண்டாம் என்றார். கண்ணு, மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடுகிற வேலை இனி வேண்டாம்.

உன்னை மீறி அத்தைக்கு போன் செய்வதா என்று ரெண்டு நாள் தவித்தேன். அதற்குள் அவரே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாத்திரம் கழுவுவதைப் பார்த்திருக்கிறார். எறா பழசோ என்று விடியலில் படகு வந்ததும் தானே போய் வாங்கியும் பார்த்தாராம், அப்போதும் உன் தலைவலி விடவில்லையாம். “கேட்டா ஒண்ணுமில்லங்கா, எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கா, நீங்களாவது சொல்லுங்க” என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டதும் அவர், “அவ தலையப் புடிச்சிட்டு இருக்கையில எங்களுக்கு எறா உள்ள எறங்குமா?” என்றார். டெஸ்ட் முடியும்வரை அந்த வீட்டில் எறாச் சட்டி அடுப்பேறாது என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். நீ மறைத்ததையும் பார்க்கிற கண் ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது, அதைக் கொடுத்த சாமிக்கு என்ன செய்வேன்.

அத்தைக்கு ஆற்காடு மக்கன் பேடா அனுப்பியிருக்கிறேன், நீ கையால் எடுத்துக்கொடு. டெஸ்டுக்கு அவரோடேயே போ. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி, மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். உடம்புக்கு என்ன என்றாலும் இனி முதலில் அத்தையிடம் வாய்விட்டுச் சொல். எனக்கு அந்த “ம்” போதும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா விஜயகுமாரி