அப்பா களத்தில் விழுந்த அன்று

ரவுண்ட் ராக், டெக்சஸ்
ஜூலை 22

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே நலமாக இருக்கிறோம் கண்ணு, வழக்கத்துக்காக எழுதுகிற வரி என்று நினைக்காதே, இன்று காலை இரண்டு பேருக்கும் பிரஷர் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நீயும் நியூஜெர்சியில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து திடமாக இருக்க வேண்டும். வக்கீல் ஆவதற்கான உன் பார் எக்ஸாம் முடிந்த பிறகு கையில் கிடைக்கும்படி இதைத் தபாலில் போடுகிறேன், ஒருவேளை முன்கூட்டியே வந்துவிட்டால் பிரிக்காதே என்று உறையின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே நீ அழுவாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், நடுவில் அப்பா போனை வாங்கி ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துப் பேசி முடித்துவிடுவார். எழுதினால்தான் நடந்ததைக் கடைசிவரை சொல்ல முடியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், நடக்கிறார், சாப்பிடுகிறார், நேற்று கறிவேப்பிலைச் செடியை வேறு தொட்டிக்கு மாற்றினார். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

மே மாத நடுவில் அப்பாவுக்கு வைரல் ஃபீவர், தொண்டை கட்டியிருக்கிறது, வீடியோவில் வர மாட்டார் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது காய்ச்சல் இல்லை கண்ணு. அவர் ஐசியுவில் இருந்தார். முதல் நாள் முழுக்க உன் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மறுநாள் அவர் கண் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதைத்தான், எழிலுக்குச் சொல்லாதே, படிப்பை விட்டுவிட்டு ஃப்ளைட் ஏறிவிடுவாள் என்றார். அந்த நிலைமையில் அவர் கேட்டதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவருடைய வாள் கிளப்பைப் பற்றி உனக்குத் தெரியும், முதல் முகக்கவசம் நீ வாங்கிக் கொடுத்ததுதான். ஐம்பத்தேழு வயதில் இது என்ன கூத்து என்று நான் அப்போதே சொன்னேன், சேனாபதி என்று பேர் வைத்ததற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது என்று நீ சிரித்தாய். டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் செவ்வாய்க்கிழமை தவறாமல் வகுப்பு, ஐரோப்பாவில் அறுநூறு வருஷத்துக்கு முன்னால் எப்படி வாள் வீசினார்கள் என்று பழைய புத்தகங்களைப் பார்த்துக் கால் வைப்பதிலிருந்து கற்றுக்கொள்வார்கள். வீட்டில் அவரே இரும்பு வளையங்களைக் கோர்த்துக் கோர்த்து ஒரு சட்டை செய்தார், அந்த வளையம் சிக்கி என் வாக்குவம் கிளீனர் கெட்டுப்போனது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இந்த வருஷம்தான் வகுப்போடு நில்லாமல், அந்தக் காலத்துப் போர் மாதிரியே உடுத்திக்கொண்டு கூட்டமாகச் சண்டை போடுகிற விழாவுக்கும் போக ஆரம்பித்தார். ஜார்ஜ்டவுனைத் தாண்டி ஒரு குதிரைப் பண்ணையில் அது நடந்தது. நீயும் ஒரு தடவை வந்து பார், அப்புறம் திட்டு என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு வெயில் உனக்குத் தெரிந்த டெக்சஸ் வெயில்தான், ஆனால் முந்தின நாள் மழை பெய்து தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பஞ்சு வைத்துத் தைத்த கனமான கோட்டு, அதற்கு மேல் இரும்பு வளையச் சட்டை, தலையில் வாளி மாதிரி ஒரு கவசம். வாள்கள் பிரம்பால் செய்தவை, குத்தாது, வெட்டாது, அதனால் பயப்படாதே என்றார். நானும் வாளைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன், வெயிலை நினைக்கவில்லை. இந்தச் சண்டையில் யாருக்கு அடி பட்டது என்று நடுவர் சொல்வதில்லை. அடி பட்டவரே, பட்டது என்று ஒத்துக்கொண்டு விழ வேண்டும், விழுந்தால் செத்த மாதிரி அசையாமல் கிடக்க வேண்டும், மிதிபடாமல் இருக்கக் கேடயத்தை இழுத்து மேலே மூடிக்கொள்ள வேண்டும், கொம்பு ஊதும்வரை எழுந்திருக்கக் கூடாது. இதையெல்லாம் காரிலேயே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். காலையில் நடந்த சண்டையில் அவர் விழுந்தபோது கேடயத்தை இழுத்து மூடிக்கொண்டு பாதுகாப்பாகத்தான் படுத்தார். மதியம் நடந்ததில் எதிர்ப்பக்கம் யாமினி நின்றாள். உனக்கு அவளைத் தெரியாது, இந்த டெக்சஸிலேயே ஆலன் என்கிற ஊரில் வளர்ந்த பெண், இங்கே ஃபிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள், நாம் பேசுகிற தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அப்பாவுக்கு வகுப்பில் அவளோடுதான் ஜோடி. அவள் ஓடி வந்து வாளை வீசினாள், அப்பா விழுந்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். யாமினி அவரைத் தாண்டி ஓடிவிட்டாள்.

எனக்கு அப்போது என்னவோ சரியில்லை என்று பட்டது. கேடயம் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது, அவர் அதை எடுக்கவில்லை. பெரிய பெரிய ஆட்கள் அவர் தலையை ஒட்டி மிதித்துக்கொண்டு ஓடுகிறார்கள், முகம் புல்லில் கவிழ்ந்திருக்கிறது, அவர் திரும்பவில்லை. நான் எழுந்து கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். பாதுகாப்பு பார்க்கிற மார்ஷல் ஒருவர், மஞ்சள் மேல்சட்டை போட்ட வயசான வெள்ளைக்காரர், கையை நீட்டி என்னைத் தடுத்தார். என் கணவர் என்று காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, மேம், அவர் செத்துவிட்டார், அப்படித்தான் கிடக்க வேண்டும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் கையைத் தட்டிவிட்டேன் கண்ணு. அந்த மனிதர் கெட்டவர் இல்லை, ஆட்டத்தின் பாஷையில்தான் பேசினார், ஆனால் அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் இல்லை. அப்பா வீட்டுப் பின்பக்கம் பழகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலியருகே வந்தால் ஹோல்ட் என்று கத்துவார், அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் வாளை இறக்கிவிட்டு இருந்த இடத்திலேயே மண்டியிட வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார். நான் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. ஹோல்ட் என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவன் அதையே திருப்பிக் கத்தினான், அவனுக்கு அப்பால் இருந்தவன் கத்தினான், ஒருவர் மாற்றி ஒருவர் கத்தி, மொத்தக் கூட்டமும் ஒற்றைக் காலை மடித்து மண்டியிட்டது. இரைச்சல் நின்றதும் அப்பா மூச்சு விடுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது, நாய்க்கு இரைக்குமே அப்படி.

கவசத்தைக் கழற்றினால் முகம் செக்கச்செவேலென்று இருந்தது, தொட்டால் கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிடுகிறேன், கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. முதலில் ஓடி வந்தது யாமினிதான். வளையச் சட்டையைத் தலைவழியாக உருவினாள், கோட்டின் கயிறுகளை அவிழ்க்க முடியாமல் யாரோ கத்தி கொடுக்க அறுத்தாள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். குதிரை தண்ணீர் குடிக்கிற பெரிய தகரத் தொட்டி ஒன்று அங்கே இருந்தது, இரும்புச் சட்டையோடு நின்றவர்கள் நாலைந்து பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் அதில் கழுத்துவரை இறக்கினார்கள். ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் ஐஸ் பெட்டியை எடுத்து வந்து கொட்டினார்கள், பியர் கேனெல்லாம் அவரைச் சுற்றி மிதந்தது. நான் தொட்டிக்கு வெளியே மண்டி போட்டு அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன், கை மரத்துப்போனது, விடச் சொன்னார்கள், நான் விடவில்லை. அப்படித் தண்ணீரில் போட்டதுதான் காப்பாற்றியது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். கிட்னி அடிபட்டிருக்கிறது, மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கண் விழித்தால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாமினி உடை மாற்றாமல், முழங்காலெல்லாம் சேறாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்புறம், "ஆன்ட்டி, ஐ மிஸ்ட். என் வாள் அங்கிள் மேல படவே இல்ல" என்று பாதியைத் தமிழில் சொன்னாள். அவள் வீசுவதற்கு முன்பே அவர் சரிந்துவிட்டாராம். சின்னப் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு தாண்டி ஓடினாளாம். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவேன். "படலைன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு தடவை திரும்பிப் பாக்கலையே கண்ணு" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. கோபத்தில் நான் நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன், அங்கேயும் ஒரு காபியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் அப்பா விழித்தார். என்னைத் தெரிந்தது, உன்னைக் கேட்டார், வருஷத்தைச் சரியாகச் சொன்னார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் காலைச் சண்டைக்கு அப்புறம் ஒன்றும் ஞாபகம் இல்லை என்று டாக்டரிடம் சொன்னார். வார்டுக்கு மாற்றிய பிறகு நான் ரசம் சாதம் கொண்டுபோன அன்று யாமினி அவர் கட்டிலருகே நின்றிருந்தாள், எனக்குச் சொன்னதையே அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுவிட்டு, "தோள்ல பட்டுச்சே, எனக்குத் தெரியாதா" என்றார். ஞாபகமே இல்லாத மனிதர் அந்தப் பெண்ணுக்காகப் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. இல்லை அங்கிள், படவில்லை என்று விடாமல் சொன்னாள். "அப்ப அடுத்த தடவை இன்னும் கிட்ட வந்து அடி" என்றார். அடுத்த தடவை என்ற சொல் காதில் விழுந்ததும் டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுது தீர்த்த பிறகுதான் திரும்பிப் போனேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் போட்ட சண்டை மாதிரி இந்த முப்பது வருஷத்தில் போட்டதில்லை. இனி அந்த இரும்பெல்லாம் வீட்டில் இருக்கக் கூடாது என்றேன். அவர் கத்தவில்லை. ஆபீஸில் நான் எது சொன்னாலும் ஆதாரம் கேட்கிறார்கள், அந்தக் களத்தில் மட்டும்தான் என் வார்த்தையை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, பட்டது என்றால் பட்டது, படவில்லை என்றால் படவில்லை, அதனால்தான் போகிறேன் என்றார். "அந்த வார்த்தை அன்னைக்கு எங்கீங்க போச்சு? தலை சுத்துதுன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன். அவர் போய் சோபாவில் உட்கார்ந்தார். அப்போதுதான் சொன்னார், அன்று காலையிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லையாம். அவருக்கு அடிக்கடி பாத்ரூம் போகிற தொந்தரவு இருக்கிறது, உனக்குத் தெரியும். அந்த உடுப்பைப் போட்டால் இன்னொருவர் உதவி இல்லாமல் அவிழ்க்க முடியாது, பிள்ளை வயசுக்காரர்களிடம் போய் அவிழ்த்துவிடு என்று ஒவ்வொரு தடவையும் கேட்கக் கூச்சப்பட்டுக் குடிக்காமலே இருந்திருக்கிறார். மகளுக்கு இதையெல்லாம் எழுதலாமா என்று எனக்கும் கூச்சம்தான், ஆனால் கூச்சப்பட்டதில்தான் இவ்வளவும் வந்தது, அதனால் எழுதிவிட்டேன். சொல்லிவிட்டு அவர் அழுதார் கண்ணு. நீ பிறந்தபோது பார்த்ததற்கு அப்புறம் நான் அவர் அழுது பார்த்ததில்லை.

யூராலஜிஸ்டிடம் காட்டி மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. ஏசி ஹாலில் கவசம் இல்லாமல் பழகலாம், வெயிலில் களத்துக்குப் போவது குளிர்காலம் வந்து மறுபடி டெஸ்ட் எடுத்த பிறகுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் போகாதே என்று சொல்லவில்லை. போகட்டும். ஆனால் வேடிக்கை பார்க்கிறவர்களோடு கயிற்றுக்கு வெளியே இனி நான் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மார்ஷலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், அதில் சேர்ந்திருக்கிறேன். என்னைத் தடுத்தாரே அந்தப் பெரியவர், அவர்தான் சொல்லித் தருகிறார், முதல் நாளே தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். விழுந்தவரிடம் குனிந்து, நல்லா இருக்கியா என்று வாய்விட்டுக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும் என்று இப்போது அங்கே புது விதி. புதன்கிழமைகளில் யாமினி வந்து அப்பாவுக்குக் கால் பலத்துக்கு எக்சர்சைஸ் சொல்லிக் கொடுக்கிறாள். அடை வார்த்துக் கொடுக்கிறேன், சாப்பிடுகிறாள். எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை, அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் வருகிறாள்.

பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மத்தியானம் அவர் சோபாவில் கண்ணசந்தால் சமையலறையிலிருந்து ஏனுங்க என்று கூப்பிடுகிறேன். என்ன என்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். எதற்குக் கூப்பிட்டாய் என்று அவர் கேட்பதில்லை. என்றைக்கும் அரைத் தூக்கத்தில் எரிச்சல்படுகிறவர், இப்போது எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் கொடுக்கிறார்.

பரீட்சை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரே உன்னைக் கூப்பிட்டு, லேசாக மயக்கம் வந்தது என்று சின்னதாகச் சொல்லப் பார்ப்பார். எல்லாம் தெரியும் என்று சொல், திட்டுவதாக இருந்தால் திட்டு, ஆனால் கடைசியில் நல்ல வார்த்தை சொல்லி வை. ரிசல்ட் எப்படி வந்தாலும் எங்களுக்கு நீதான் முக்கியம். ஃப்ரிட்ஜில் வைத்த சாதத்தை மூன்று நாள் வைத்துச் சாப்பிடாதே. உடம்புக்கு ஏதாவது என்றால் எங்களுக்குச் சொல்லாமல் மறைக்காதே, நாங்கள் மறைத்ததைக் காட்டி வழக்குப் பேசாதே. நம் குலதெய்வம் உன் கூடவே இருக்கட்டும், நீண்ட ஆயுளோடும் குறையாத தைரியத்தோடும் நீ இருக்க வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
கலாவதி சேனாபதி